பாவாடை விடவில்லை, தொப்பி நிற்கவில்லை: வேட்டைக் களத்துப் பாதுகாப்பு உடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பைக்கில் பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்ணிடம் வண்டியை எடுக்கும் முன் நாம் சொல்கிற முதல் வார்த்தை, "முந்தானையை எடுத்து மடியில வச்சுக்கோ" என்பதுதான். சக்கரத்தில் துணி சுற்றினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். ஷோரூமில் அதற்கு ‘சாரி கார்டு’ என்று பெயர். புது வண்டி எடுத்த இளவட்டங்கள் முதல் வேலையாகக் கழற்றி மூலையில் போடுவதும் அதைத்தான். பார்க்க நன்றாக இல்லையாம்.

நான் எழுத வந்தது பைக்கைப் பற்றி அல்ல. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்குக் குதிரையேறிய பெண்களைப் பற்றி, அவர்கள் கட்டியிருந்த பாவாடையைப் பற்றி, அதற்குப் பக்கத்திலேயே ஓடிய ஆண்களின் தொப்பியைப் பற்றி. ஆனால் அந்தக் கதையைப் புரிந்துகொள்ள சாரி கார்டு தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

நரி வேட்டை என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். நாய்க்கூட்டம் மோப்பம் பிடித்து ஓடும்; அதன் பின்னால் குதிரைகள் ஓடும். மொத்தத்துக்கும் பொறுப்பு ‘மாஸ்டர்’. நாய்களை நடத்துபவர் ‘ஹன்ட்ஸ்மேன்’. பின்னால் வருகிற குதிரைக் கூட்டத்துக்குத்தான் ‘ஃபீல்டு’ என்று பெயர். முன்கூட்டியே போட்ட பாதை கிடையாது. நரி போன வழிதான் வழி: உழுத வயல், புதர்வேலி, சாக்கடை அளவு ஓடை, சில ஊர்களில் கல்சுவர். காலமோ நவம்பர் தொடங்கி மார்ச் வரை, தரை ஊறிக் கிடக்கிற குளிர் மாதங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்வதைத் தடை செய்தது. 2005 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கப்புறம் அங்கே முன்னாலேயே இழுத்துவிட்டுப் போன வாசனையைத் தொடர்ந்து ஓடுகிறார்கள். நரி மாறியதே தவிர, வேலியின் உயரம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

இரண்டு கொம்புக்கு நடுவே

பெண்கள் ஏறிய சேணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு கால்களும் குதிரையின் இடப்பக்கம்தான். சேணத்தின் முன்பகுதியில் மேல்நோக்கி ஒரு கொம்பு வளைந்து நிற்கும். வலது முட்டியை அதன்மேல் மடித்துப் போட்டுக்கொள்வார்கள். இடது கால் மட்டும் கீழே, பாதம் வைக்கும் வளையமான அங்கவடியில் இருக்கும். இந்த அமைப்பில் நடக்கலாம், மெதுவாக ஓட்டலாம். வேலி தாண்டினால் சறுக்கி விழ வேண்டியதுதான்.

1830 வாக்கில் பிரான்சில் ஜூல்ஸ் பெல்லியே என்ற குதிரையேற்ற ஆசிரியர் இரண்டாவது கொம்பு ஒன்றைச் சேர்த்தார் என்பார்கள். அது கீழ்நோக்கி வளைந்து இடது தொடையின்மேல் கவிந்திருக்கும். ‘லீப்பிங் ஹெட்’ என்று பெயர். குதிரை எம்பும்போது இடது தொடையை மேலே தூக்கி அந்தக் கொம்பின்மேல் அழுத்தினால், மேலே கிடக்கும் வலது காலும் கீழேயிருந்து அழுத்தும் இடது காலும் சேர்ந்து ஒரு கிடுக்கி மாதிரி உடம்பைச் சேணத்தோடு கவ்விப் பிடித்துக்கொள்ளும். பழகியவரை அசைக்கவே முடியாது. இந்த ஒரு சின்னக் கொம்பு வந்த பிறகுதான் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வேலி தாண்டி வேட்டைக்குப் போக முடிந்தது.

பிடிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் விழும்போது விடுவிப்பது எது என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்போதைய பாவாடை கனத்த கம்பளித் துணி. நிற்கும்போது தரையில் புரளும் நீளம், சுற்றிலும் தைத்து மூடியது, உள்ளே போதுமான கொசுவம். குதிரைமேல் உட்கார்ந்தால் அந்தத் துணி வலது முட்டியோடு சேர்ந்து மேல் கொம்பையும் மூடிக்கொண்டு இடப்பக்கம் தொங்கும். இப்போது குதிரை வேலியில் முட்டித் தடுமாறுகிறது என்று வையுங்கள். இடப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். வலப்பக்கம் விழுந்தால் ஆள் கீழே போவார், பாவாடை கொம்பில் மாட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். கொம்பில் தொங்கும் துணியின் மறுமுனையில் தலைகீழாக ஒரு பெண். குதிரை மிரண்டுபோகும், விலாவுக்குப் பக்கத்தில் ஏதோ இழுபடுகிறதே என்று இன்னும் வேகமாக ஓடும், பின்னங்கால் வீசுகிற தூரத்தில்தான் தலை இருக்கும். கை எட்டி அறுக்கவும் முடியாது. எவ்வளவு நல்ல துணியோ அவ்வளவு ஆபத்து, ஏனென்றால் நல்ல துணி கிழியாது.

இதே காலத்தில் ஆண்களுக்கும் விழுந்து இழுபடும் ஆபத்து இருந்தது, அங்கவடியில் கால் சிக்கி. ஆனால் ஆண் விழுந்தால் சிக்கிக்கொள்ள ஒரே ஓர் இடம்தான், கால். பெண்ணுக்கு அங்கவடி, இரண்டு கொம்பு, பாவாடை என்று நாலு இடம்.

தைத்துக்கொண்ட மகாராணி

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் அக்காலத்துக் குதிரையேற்றத்தில் உச்சம் தொட்டவர். 1876இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயருக்கு வேட்டைக்கு வந்தார். வழிகாட்டியாக முன்னால் ஓட, பே மிடில்டன் என்ற குதிரைப்படை அதிகாரியை அமர்த்தியிருந்தார்கள். ஒரு பேரரசிக்குக் காவலாக முன்னால் ஓடுவது தன் வேலையா என்று முதலில் முணுமுணுத்தவர், அவர் வேலி தாண்டுவதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டாராம். 1879இலும் 1880இலும் அயர்லாந்து. 1879இல் ஒரு நாள் துரத்தலின் வேகத்தில் மேனூத் குருமடத்தின் மதிலைத் தாண்டி உள்ளேயே இறங்கிவிட்டார். பாதிரிமார் படிக்கும் வளாகத்துக்குள் கத்தோலிக்கப் பேரரசி ஒருவர் குதிரையோடு குதித்தால் எப்படி இருக்கும்! பின்னாளில் நன்றிக்கு ஒரு வெள்ளிப் புனித ஜார்ஜ் சிலையை அந்த மடத்துக்கு அனுப்பிவைத்தார்.

அவருடைய உடையைப் பற்றி ஒரு செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படும். இடுப்பில் ஒரு சுருக்கம்கூட விழக்கூடாது என்பதற்காக, வேட்டைக்குப் போகும் காலையில் உடையை அவர் உடம்பின்மேல் வைத்தே தையல்காரர் தைப்பாராம். நாள் முடிந்தால் பிரிக்க வேண்டும். இந்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் மிகச் சிறந்த பெண் குதிரைவீரர் அவர். அவர் உடையிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, ‘பின்னாலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்’ என்பது. விழுந்தால் எப்படிக் கழலும் என்பது தையல்காரரின் கேள்வியாக இல்லை. பேரரசிக்கு ஒன்றும் ஆகவில்லை. 1882க்குப் பிறகு வேட்டையை விட்டார். முன்னால் ஓடிய மிடில்டன்தான் 1892இல் கைன்டனில் ஒரு குதிரைப் பந்தயத்தில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு இழை உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த நாய் இனங்களை வைத்து ‘ஊட்டி ஹன்ட்’ நடத்தினார்கள். நரிக்குப் பதில் குள்ளநரி. இப்போது நாம் சினிமாப் படப்பிடிப்புக்கும் போட்டோவுக்கும் போகிற வென்லாக் டவுன்ஸ் புல்மேடுகள்தான் களம். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கியது அந்த இடம். வேலி குறைவு, ஆனால் புல்லுக்கடியில் மறைந்திருக்கும் சதுப்பு அதிகம். மேலே பச்சையாகத் தெரியும், குதிரை முட்டிவரை இறங்கிவிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு விலங்கைத் துரத்துவதற்கு இடமில்லை. சிவப்புக் கோட்டுச் சவாரி மட்டும் இராணுவத்தார் வழியாகத் தொடர்ந்தது.

பொத்தானிலிருந்து ஏப்ரனுக்கு

‘சேஃப்டி ஸ்கர்ட்’ என்ற பெயரில் முதல் பாவாடை வந்தது 1875இல். யோசனை எளிதுதான். தையல் ஓரங்களை மூடாமல் பொத்தான் வைத்து விட்டால், இழுப்பு விழுந்ததும் பொத்தான்கள் தெறித்துத் துணி பிரிந்துவிடும். காகிதத்தில் பிரமாதம். ஆனால் பொத்தான் கழல வேண்டுமானால் இழுப்பு சரியான திசையிலிருந்து வர வேண்டும். விழுகிறவர் திசை பார்த்து விழுவதில்லை. கம்பளி நனைந்து உப்பியிருந்தால் பொத்தான் துளை இறுகிவிடும், சேறு காய்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் தையல்காரர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். கொம்பைச் சுற்றி வரும் துணியையே வெட்டி எடுத்தால் என்ன? உட்காரும் இடத்தில் துணி எதற்கு? இப்படி வெட்டி வெட்டி, கடைசியில் மிஞ்சியதுதான் ‘ஏப்ரன்’. முன்பக்கம் மட்டும் மூடும் ஒரு துணி. குதிரைமேல் இருக்கும்போது பார்ப்பவருக்கு முழுப் பாவாடை மாதிரி தெரியும். பின்னால் ஒன்றுமே கிடையாது; கீழே ஆண்களைப் போலக் கால்சட்டையும் பூட்ஸும்தான். இறங்கியதும் தொங்குகிற ஓரத்தை இழுத்துப் பின்னால் சுற்றி இடுப்பில் ஒரு பொத்தான் போட்டுக்கொண்டால் மறுபடி பாவாடை. இன்றும் ஒருக்களித்துச் சவாரி செய்கிறவர்கள் போடுவது இதைத்தான்.

பொத்தான் பாவாடைக்கும் ஏப்ரனுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த நிகழ்வின் சாரமே இருக்கிறது என்பது என் எண்ணம். முன்னது சிக்கிய பிறகு விடுவிக்கும் ஏற்பாடு. பின்னதில் சிக்குவதற்கே எதுவும் இல்லை. கெட்டுப்போகக்கூடிய பாகம் ஒன்றுமில்லாத பாதுகாப்பு.

அப்படியானால் எல்லாரும் உடனே மாறியிருக்க வேண்டுமே? மாறவில்லை. தடையாக நின்றது மானம். வேலியில் விழுந்த பெண் உயிரோடு எழுந்து நிற்பாள், ஆனால் பாவாடை குதிரையோடு போயிருக்கும். அத்தனை ஆண்கள் முன்னால் கால்சட்டையோடு நிற்பதா? பாவாடை பாதுகாப்பாக இருக்க வேண்டும், ஆனால் பாதுகாப்பாக இருப்பது வெளியே தெரியக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தையல்காரர்கள் 20, 30 ஆண்டு அல்லாடினார்கள். 1893இல் பெண்களுக்கென்றே குதிரையேற்ற நூல் எழுதிய ஆலிஸ் ஹேஸ் இதற்காக விடாமல் வாதாடியவர், தானே ஒரு பாதுகாப்புப் பாவாடையையும் வடிவமைத்தார். இந்தியாவில் கணவர் பழக்கிய குதிரைகளின்மேல் ஏறிப் பார்த்துப் பழகியவர் என்பதால் விழுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. அதற்குப் பின் பெண்கள் இரு பக்கமும் கால் போட்டே ஏறத் தொடங்கினார்கள். பாவாடைப் பிரச்சினை தீர்ந்ததில் பாதிப் பங்கு அந்த மாற்றத்துக்கு.

என் ஷூ

அங்கவடிக் கதையும் இதே வழியில்தான் போனது. பெண்களின் சேணத்துக்கென ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் வைத்த அங்கவடிகள் வந்தன. ஆள் விழுந்தால் உள்வளையம் காலோடு கழன்று வந்துவிடும். இன்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் அங்கவடியில் ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் ரப்பர் வளையம் இருக்கும், இழுத்தால் தெறித்துவிடும். அந்த ரப்பர் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் இடம் வலம் மாற்றி மாட்டினால் உள்பக்கம் போய்விடும், பயனும் போய்விடும். சேணத்தில் அங்கவடி வாரைத் தாங்கும் இரும்புத் தண்டின் நுனியில் ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. அதைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது பழக்கம். அப்போதுதான் பின்னோக்கி இழுபட்டால் வாரே உருவிக்கொண்டு வரும். புதுசாக வருகிறவர்கள் ‘திறந்து கிடக்கிறதே’ என்று பொறுப்பாக மூடிவிட்டுப் போவார்கள்.

எனக்கு இது புத்தகத்தில் தெரிந்த விஷயம் அல்ல. முப்பது வயதுக்கு மேல் ஓர் ஊரில் குதிரையேற்றம் கற்கப் போனேன். பூட்ஸ் இல்லை, ஓடுவதற்குப் போடும் கேன்வாஸ் ஷூவோடு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தார்கள். தலையைத் திருப்பினால் நான் திரும்பினேன், அது திரும்பவில்லை. மூன்றாவது வகுப்பில் குதிரை துள்ளுநடையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்து ஒதுங்க, நான் வலப்பக்கம் சரிந்தேன். கேன்வாஸ் ஷூவுக்குக் குதிகால் கட்டை கிடையாது. பாதம் அங்கவடிக்குள் கணுக்கால்வரை நுழைந்துவிட்டது. நாலைந்து தப்படி மண்ணில் இழுபட்டேன். நல்லவேளையாக நாடாவைத் தளர்வாகக் கட்டியிருந்தேன். காலை உருவிக்கொண்டு நான் கீழே கிடக்க, ஷூ மட்டும் அங்கவடியில் தொங்கிக்கொண்டே மைதானத்தை ஒரு சுற்று வந்தது. ஹெல்மெட் எனக்குப் பத்தடி பின்னால் உருண்டு கிடந்தது.

அன்றைக்கு உருப்படியாக வேலை செய்த ஒரே பாதுகாப்புச் சாதனம் என் சோம்பேறித்தனமான நாடா முடிச்சு. குதிரையேற்ற பூட்ஸில் ஏன் ஓர் அங்குலக் குதிகால் இருக்கிறது என்று அதற்கப்புறம் கேட்கத் தேவை வரவில்லை.

கயிறு யாருக்கு?

சரி, தலைக்கு வருவோம். பாவாடை விட வேண்டிய நேரத்தில் பிடித்தது. தொப்பி பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டது.

ஆண்கள் அணிந்த பட்டுத் தொப்பி, அரக்குப் பூசி விறைப்பாக்கிய துணியின்மேல் பட்டு ஒட்டிச் செய்தது. விழுந்தால் அது நசுங்கும், நசுங்கும்போது அடியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும் என்று இன்றைக்கும் சிலர் பரிந்து பேசுகிறார்கள். வாங்கிக்கொள்ளலாம், விழும்போது அது தலையில் இருந்தால். வேட்டைக் கோட்டின் காலரிலிருந்து தொப்பியின் விளிம்புக்கு ஒரு கறுப்புக் கயிறு ஓடும். ‘ஹாட் கார்டு’ என்று பெயர். கிளையில் தட்டியோ காற்றிலோ தொப்பி பறந்தால் அது முதுகில் தொங்கும், இறங்கித் தேட வேண்டாம். பல பத்தாண்டுகள் வேட்டைக் களத்தில் தொப்பிக்குக் கயிறு இருந்தது. அந்தக் கயிறு தொப்பியைக் காணாமல் போகவிடாமல் காத்தது. அதையே தாடைக்குக் கீழே கட்டினால் தலையைக் காக்குமே என்று தோன்றவில்லை. தோன்றியவர்களும் கட்டவில்லை, தாடைப்பட்டை குழந்தைகளுக்கானது என்ற நினைப்பு.

கெட்டித் தொப்பி என்ற யோசனை புதிதும் அல்ல. பௌலர் தொப்பி பிறந்ததே அதற்காகத்தான். நார்ஃபோக்கில் ஹோல்கம் எஸ்டேட்டின் காட்டுக் காவலர்கள் குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் தலையில் அடித்தன, உயரத் தொப்பி தட்டிவிடப்பட்டது. 1849இல் எட்வர்ட் கோக் என்பவர் லண்டன் லாக் தொப்பிக்கடையில் உருண்டையாகக் கெட்டியாக ஒன்றைச் செய்யச் சொன்னார். வாங்க வந்தவர் அதைத் தரையில் வைத்து இரண்டு தடவை ஏறி மிதித்துப் பார்த்து, உடையவில்லை என்றதும் 12 ஷில்லிங் கொடுத்து எடுத்துப் போனார் என்பது கடைக் கதை. ஹெல்மெட் சோதனைக்கு முன்னோடி என்று அந்த இரண்டு மிதியைச் சொல்லலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஆபத்து வேலியில்தான் என்பது. ஜார்ஜ் வைட்-மெல்வில் என்ற நாவலாசிரியர் வேட்டைக் களத்தையே கதைக்களமாக வைத்து எழுதியவர். எழுத்தில் வந்த பணத்தைக் குதிரைக்காரர்களுக்கும் லாயப் பையன்களுக்கும் படிப்பகம் வைக்கச் செலவிட்டவர். எத்தனையோ கடினமான வேலிகளைத் தாண்டிய மனிதர் 1878 டிசம்பர் 5 அன்று சாதாரண உழுத வயலில் ஓட்டிக்கொண்டிருந்தபோது குதிரை விழுந்து இறந்தார். 131 ஆண்டு கழித்து, 2010 மார்ச்சில், அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை ஃப்ளோரிடாவில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த குதிரை தன் காலே தட்டி விழுந்தது. வேலியும் இல்லை, குதிரை முரடும் இல்லை. அவர் தலையில் ஹெல்மெட்டும் இல்லை. மண்டை ஓட்டில் விரிசல் விழுந்து வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய துறை ட்ரெஸ்ஸாஜ், வேலி தாண்டாமல் குதிரையின் நடையழகைக் காட்டும் போட்டி. அங்கே பட்டுத் தொப்பிதான் மரியாதை. சர்வதேசப் போட்டிகளில் 2021இல்தான் ஹெல்மெட் கட்டாயமானது.

வேட்டைக் களத்துக்குப் பக்கத்து வீடான வேலி தாண்டும் பந்தயத்தில் இது ஒரே குளிர்காலத்தில் முடிந்தது. கேப்டன் ‘டப்பி’ பென்னட் சம்பளம் வாங்காத சவாரிக்காரர். 1923இல் கிராண்ட் நேஷனல் என்ற பந்தயத்தில் சார்ஜன்ட் மர்ஃபி என்ற 13 வயதுக் குதிரைமேல் வென்றார். அந்த வயதில் ஒரு குதிரை வென்றதே பெரும் பேச்சு. அதே டிசம்பர் இறுதியில் வுல்வர்ஹாம்ப்டனில் விழுந்தார். கீழே கிடந்தவரின் தலையில் குதிரையின் உதை. நினைவு திரும்பாமலே 1924 ஜனவரியில் இறந்தார். அந்தச் சாவுக்குப் பின் அவ்வகைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று.

அதே மாதிரி குதிரை, அதே மாதிரி வேலி, பல சமயம் அதே ஆள். சனிக்கிழமை பந்தயம், திங்கட்கிழமை வேட்டை. பிறகு ஏன் வேட்டைக் களம் அசையவில்லை? என் கணிப்பில் காரணம் எடை பார்க்கும் அறை. பந்தயத்தில் ஒவ்வொருவரும் சேணத்தோடு தராசில் ஏறி, ஓர் அதிகாரியைத் தாண்டித்தான் களத்துக்குப் போக முடியும். கவசம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். வேட்டைக்கு ஆட்கள் கூடுவது ஊர்ப் பொதுவெளியிலோ மதுக்கடை வாசலிலோ. உரிமம் கிடையாது, தராசு கிடையாது. அங்கே இருந்தது உடை மரபு மட்டும், அதுவும் பட்டுத் தொப்பியின் பக்கம் நின்றது. மாஸ்டர் நினைத்தால் திருப்பி அனுப்பலாம்; ஆனால் அவர் தலையிலேயே வெல்வெட் தொப்பிதான், பட்டையில்லாமல்.

எட்டு மில்லிமீட்டரும் இருபது மில்லிமீட்டரும்

அந்த வெல்வெட் தொப்பி கெட்டியாகத்தான் இருக்கும். தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வரும். கெட்டியாக இருப்பது வேறு, காப்பது வேறு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

நல்ல உயரமான வேட்டைக் குதிரைமேல் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 2.5 மீட்டர். சும்மா நின்ற இடத்திலிருந்து அந்த உயரம் விழுந்தாலே தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். தொப்பியின் கெட்டி ஓட்டுக்கு உள்ளே 8 மில்லிமீட்டர் மெத்தை மட்டும் இருந்து அதற்குள் தலை நின்றாக வேண்டுமென்றால், தலை தாங்குவது புவியீர்ப்பைப் போல 300 மடங்குக்கு மேல். 20 மில்லிமீட்டர் நுரை நசுங்கி இடம் கொடுத்தால் அது 125 மடங்காகக் குறையும். மூளைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் உலக வித்தியாசம். பேக்கிங்கில் வரும் வெள்ளைத் தெர்மாகோல் வகையைச் சேர்ந்த நுரைதான் அது. ஒரு தடவை நசுங்கினால் திரும்ப எழும்பாது. அதனால்தான் ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே அதன் வேலை முடிந்திருக்கும்.

விட வேண்டியது, பிடிக்க வேண்டியது என்ற கணக்கு ஒரே தொப்பிக்குள்ளும் உண்டு. பட்டை பிடிக்க வேண்டும். முன்னால் நீட்டிய விளிம்பு விட வேண்டும். பழைய வெல்வெட் தொப்பியில் விளிம்பு ஓட்டோடு சேர்ந்த ஒரே துண்டு. முகம் குப்புற விழுந்தால் அது தரையில் குத்தித் தலையைப் பின்னால் நெம்பும், அல்லது மூக்கை உடைக்கும். இப்போது வளையும் விளிம்பு வைக்கிறார்கள். ஜாக்கிகள் போடும் வகையில் விளிம்பே கிடையாது, மேலே மாட்டும் துணியில்தான் பேருக்கு ஒன்று இருக்கும். கழுத்தில் கட்டும் வெள்ளை ‘ஸ்டாக்’ துணியும் இந்த ரகம். காயம் பட்டால் அவிழ்த்துக் கட்டுத்துணியாக்கலாம், கையைத் தூளி மாதிரி தொங்கவிடலாம் என்று களத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அதில் குத்தும் ஊசியைப் படுக்கைவாட்டில்தான் குத்த வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் விழும்போது முனை தொண்டைக்குப் போகும்.

சட்டம் வந்தபோது அதுவும் களத்துக்குள் வரவில்லை. பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் சாலையில் குதிரை ஓட்டினால் பட்டை மாட்டிய தலைக்கவசம் வேண்டும் என்கிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. சாலையை விட்டு வயலுக்குள் திரும்பியதும் சட்டம் வாசலில் நின்றுவிடும். வேட்டைக் களத்தில் இன்று பட்டை போட்ட ஹெல்மெட் சாதாரணமாகிவிட்டது என்றால், அதற்குப் பெரும்பாலும் காரணம் குழந்தைகளாக போனி கிளப்பில் பட்டையோடு ஏறிப் பழகியவர்கள் வளர்ந்து களத்துக்கு வந்ததுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பட்டை இல்லாமல் ஏறினால்தான் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும்.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று. பட்டையை மாட்டி, கண்ணாடி முன் நின்று, ஹெல்மெட்டை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். நெற்றித் தோலும் புருவமும் அதோடு சேர்ந்து நகர்ந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அது உங்கள் தலைக்கானது அல்ல. எனக்குக் கொடுத்த தொட்டி ஹெல்மெட் இதில் முதல் விநாடியிலேயே தோற்றிருக்கும்.

வாசல் திறக்க இறங்கியவர்

உடம்புக் கவசம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நுரைத் துண்டுகள் வைத்த மேலங்கி விலா எலும்பையும் உள்ளுறுப்பையும் அடியிலிருந்து காக்கும். 500 கிலோ குதிரை மேலே உருண்டால் அதன் சக்தி அவ்வளவுதான். கழுத்தை வளைவதிலிருந்து காக்காது. கோட்டுக்கு அடியில் போட்டால் ஆள் பீப்பாய் மாதிரி தெரிவார் என்பதால் களத்தில் பலர் தவிர்த்தார்கள், மறுபடியும் அதே சாரி கார்டு நியாயம்.

காற்று ஜாக்கெட் வந்த பிறகு அது மாறத் தொடங்கியிருக்கிறது. மெல்லியது, கோட்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். முன்னால் ஒரு சிறு வாயு உருளை. அதிலிருந்து ஒரு நாடா சேணத்துக்கு ஓடிக் கொக்கியில் மாட்டியிருக்கும். ஆள் சேணத்தை விட்டுப் பறந்தால் நாடா இழுபடும், முள் உருளையைக் குத்தும், கண் சிமிட்டும் நேரத்தில் ஜாக்கெட் உப்பிவிடும், நாடா கழன்றுவிடும். கொம்பில் மாட்டிய பாவாடை ஆளை இழுத்துக் கொன்றது. இங்கேயும் ஆளைச் சேணத்தோடு கட்டித்தான் வைக்கிறோம், ஆனால் அந்தக் கட்டு தெறிக்கும்போதுதான் அதன் வேலையே தொடங்குகிறது.

ஒரே சிக்கல், விழுவதற்கும் இறங்குவதற்கும் நாடாவுக்கு வித்தியாசம் தெரியாது. வேட்டையில் வயல்வாசல் ஒன்று வந்தால் முன்னால் இருப்பவர் இறங்கித் திறக்க வேண்டும், எல்லாரும் போன பிறகு மூட வேண்டும், அதுதான் மரியாதை. அவசரத்தில் கொக்கியைக் கழற்ற மறந்து குதித்தால் வெடிச்சத்தம். ஜாக்கெட் லைஃப்ஜாக்கெட் மாதிரி உப்பிக் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும், கையைக் கீழே இறக்க முடியாது. குதிரை பத்தடி பின்வாங்கித் திரும்பிப் பார்க்கும். பின்னால் முப்பது குதிரைகள் வாசல் திறப்பதற்காக நிற்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவர் பையில் துழாவி மாற்று உருளையை எடுப்பார்.